ஒரே கருவிதான் என்றால்: டேப்லெட்டா, லேப்டாப்பா?

கேள்விக்குறி: அலுவலக வேலைக்கு ஒன்றுதான் வாங்க முடியும். எக்செல், பிடிஎஃப் திருத்தம், வீடியோ மீட்டிங், அவ்வப்போது வெளியில் ஆய்வு. கீபோர்டோடு ஒரு டேப்லெட் போதுமா?

விசைப்பலகை: போதாதுங்க. முதலில் உங்கள் எக்செல் ஃபைல்களைப் பாருங்கள். பெயர் எக்ஸ்எல்எஸ்எம் (.xlsm) என்று முடிந்தால் உள்ளே மேக்ரோ, அதாவது ஒரு பட்டனில் பல வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல், இருக்க வாய்ப்பு அதிகம். ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் அந்த ஃபைல் திறக்கும், எண்கள் தெரியும், ஆனால் மேக்ரோ ஓடாது. பிரவுசர் எக்செல்லிலும் அதே நிலைதான். டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன் இருந்தால் இன்னும் சிக்கல். பெரும்பாலும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் கம்ப்யூட்டருக்கென்றே எழுதப்பட்டிருக்கும்.

பேனாமுனை: மேக்ரோ எழுதுகிறவர் எத்தனை பேர்? அவர் கேட்டதில் பாதி வேலை பிடிஎஃபும் ஆய்வும். நின்றுகொண்டே ஒரு கையில் பிடித்து வரைபடத்தின் மேல் குறிப்பு எழுதுவது, கேமராவில் படம் எடுத்து அதன் மேலேயே அளவு குறிப்பது, இதெல்லாம் லேப்டாப்பில் நடக்குமா? மேக்ரோ எப்போதாவது தேவைப்பட்டால் அலுவலக கம்ப்யூட்டரை ரிமோட்டில், அதாவது இணையம் வழியே தொலைவிலிருந்து, திறந்துகொள்ளலாம்.

விசைப்பலகை: ரிமோட் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஹோம் இருந்தால் மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே நுழைய முடியாது, விண்டோஸ் ப்ரோ வேண்டும். ஸ்லீப் போய்விட்டாலும் இணைப்பு கிடைக்காது. அதோடு ஒரே கருவி வாங்குகிறவரிடம் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கும் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

பேனாமுனை: ஹோமுக்கு குரோம் ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறது, ஸ்லீப்பை செட்டிங்ஸில் நிறுத்தலாம். ஆனால் கடைசிக் கேள்வி நியாயம், அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் இந்த வழி இல்லை. எடையை மறக்காதீர்கள், நாள் முழுக்கத் தூக்கிச் சுமப்பது அவர்தான்.

தராசு: அந்த எடைக் கணக்கை நிறுத்துப் பார்த்துவிடலாம். 12.9 இஞ்ச் ஐபேட் ப்ரோ, அந்த அளவில் கடைசியாக 2022இல் வந்த மாடல், 682 கிராம். ஆப்பிளின் மேஜிக் கீபோர்டு மாட்டினால் மொத்தம் ஏறத்தாழ 1.4 கிலோ. எம்2 மேக்புக் ஏர் 13 இஞ்ச் 1.24 கிலோதான். கீபோர்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவருக்குத்தான் டேப்லெட் லேசு. தட்டச்சு அதிகம் என்றால் அந்த லாபம் கைக்கு வராது.

பேனாமுனை: 11 இஞ்ச் எடுத்தால் கணக்கு மாறும்.

தராசு: மாறும், திரையும் சுருங்கும். எக்செல்லும் மீட்டிங்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எக்செல்லின் நெடுவரிசைகள் ஒளிந்துகொள்ளும். வெளி மானிட்டர் மாட்டலாம் என்றால் அங்கும் ஒரு பொறி: ஆப்பிளின் எம் வரிசை சிப் (எம்1, எம்2 போன்றவை) இல்லாத ஐபேட், திரையில் இருப்பதையே மானிட்டரிலும் காட்டும், தனி இரண்டாம் திரையாக விரியாது. ஐபேடில் ஒரே டைப் சி துளைதான், ஆகவே மேஜிக் கீபோர்டு போலத் தனி சார்ஜ் துளை உள்ள கீபோர்டு இல்லையென்றால், சார்ஜை உள்ளே விடும் ஹப்பாக (ஒரு துளையைப் பலவாக்கும் இணைப்பான்) பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட மீட்டிங்கின் நடுவே பேட்டரி இறங்கிவிடும்.

கேள்விக்குறி: மாதக் கடைசி ஃபைலில் மேக்ரோ பட்டன் இருக்கிறது. அலுவலகத்தில் தனி கம்ப்யூட்டர் கிடையாது.

விசைப்பலகை: அப்போ லேப்டாப். ஆய்வுக்காக, திரை முழுதாகப் பின்னால் மடங்குகிற, பேனா ஏற்கும் விண்டோஸ் மாடலாகப் பாருங்கள். ராம் (வேலை நினைவகம்) 16 ஜிபி இருக்கட்டும். பலவற்றில் அது போர்டோடு ஒட்டியே வருகிறது, பிறகு கூட்ட முடியாது.

பேனாமுனை: அதற்கு எதிர்ப்பில்லை. ஆனால் அந்த மாடல்களைக் கடையிலேயே ஒரு கையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். மடித்த பிறகு கீபோர்டு விரலுக்கு அடியில் வரும், கனமும் தெரியும்.