பாதுகாப்புக் கட்டளை எடுக்க ஒரு சட்டத்தரணி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். இடம் பரந்தன் பக்கம். எங்கட சபையில ஒரு அக்காவுக்கு வீட்டில அடி. கார்த்திகை மழை தொடங்கினதில இருந்து கூடிப்போச்சு. போன கிழமை காதைப் பொத்தி அடிச்சதில ஒரு பக்கம் கேக்குதில்லை.

மூப்பர்மாரிட்டச் சொன்னம். மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படியவேணும் எண்ட எபேசியர் 5:22ஐ வாசிச்சு, ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டினம். கிறிஸ்து சபைக்காகத் தன்னையே குடுத்த மாதிரி மனைவியில அன்பு வைக்கச் சொல்லுற 25ஆம் வசனம் அதே பக்கத்திலதான் கிடக்கு, ஒருத்தரும் வாசிக்கேல்லை! பொலிஸிலயும் முறைப்பாடு குடுத்தாச்சு. புருஷனைக் கூப்பிட்டு எச்சரிச்சதோட சரி. முறைப்பாட்டுப் பிரதியும் ஆஸ்பத்திரித் துண்டும் கையில இருக்கு. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கும் எடுத்துக் கதைச்சம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம். முதலில இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரைக்கும். அக்கா வீட்டை விட்டுப் போகமாட்டா. காணி அவவின்ர சீதனம், பிள்ளையளின்ர பள்ளிக்கூடமும் கிட்ட. (அடிச்ச ஆள்தானே வெளிய போகவேணும்?)

அடிச்சவர் வீட்டுக்குள்ள வரக்கூடாதெண்டு கிளிநொச்சியில கட்டளை எடுத்துத் தந்த, காசு கேக்காத சட்டத்தரணி ஆரையும் உங்களுக்குத் தெரியுமோ?