தற்செயலாகத் தெரிந்த தைராய்டு புற்று: மறு ஆபரேஷன் தேவையா?

கேள்வி: சாதாரணக் கட்டி என்று தைராய்டின் வலது மடலை மட்டும் எடுத்த நோயாளிக்கு, பயாப்ஸியில் 6 மி.மீ. பாப்பிலரி கார்சினோமா (தைராய்டு புற்றில் ஒரு வகை) வந்திருக்கிறது. இடது மடலையும் எடுத்துவிடலாமா?

பதில் 1: அவசரம் வேண்டாம், சார். 1 செ.மீ.க்குள், சுரப்பிக்குள்ளேயே, நிணநீர்க் கணுவில் பரவாமல் இருந்தால் எடுத்ததே போதும். கழுத்து அல்ட்ராசவுண்டில் இடது மடலையும் பக்கவாட்டுக் கணுக்களையும் பார்த்துவிடுங்கள்.

பதில் 2: அளவோடு நிறுத்தாதீர்கள். சுரப்பியின் உறை தாண்டிய பரவல், இரத்தக்குழாய் ஊடுருவல், டால் செல் (tall cell) என்ற தீவிர வகை இருந்தால் முடிவே மாறும். மறு ஆபரேஷன் என்றால் முன்னதாக லாரிங்கோஸ்கோப்பி (குரல்நாண் அசைவைப் பார்க்கும் பரிசோதனை) கட்டாயம். வலது குரல்நாண் ஏற்கெனவே அசையாதிருந்து இடது குரல்நாணை அசைக்கும் நரம்பும் அடிபட்டால் மூச்சே அடைபடும்!

பதில் 3: தைராய்டை ஒட்டி இருந்து கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் முக்கியம். இடது மடலையும் எடுத்தால் கால்சியம் இறங்கலாம். உதடும் விரல்நுனியும் மரத்தால் உடனே ரத்தப் பரிசோதனை. எடுக்காவிட்டால் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 0.5 முதல் 2 mIU/L வரை இருந்தால் நல்லது.