முதுகில் நீர் எடுக்கணும் என்றார்கள்: வைரஸ் மூளைக்காய்ச்சல் அனுபவங்கள் (செங்கோட்டை, தென்காசி, புனலூர் பக்கம்)

குண்டாறு_அம்மா:

போன மழைக்காலத்தில் என் இளையவனுக்கு வந்தது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். அப்போது எங்கள் தெருவில் நிறையப் பிள்ளைகளுக்குக் கையிலும் காலிலும் வாயைச் சுற்றியும் கொப்புளம். 2022 மே மாதம் கேரளத்தில் ஆரியங்காவு, அஞ்சல் ஊர்கள் பக்கம் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பரபரப்பானதே, கிட்டத்தட்ட அதே மாதிரி. இவனுக்குக் கொப்புளம் ஒன்றும் இல்லை. காய்ச்சலும் வாந்தியும் தலைவலியும்தான். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி டியூப்லைட்டைப் போட்டதும் வீல் என்று கத்தி, தலையணையை இழுத்து முகத்தில் கவிழ்த்துக்கொண்டான். கிளினிக் டாக்டர் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் கையைக் கொடுத்து மெதுவாகத் தூக்கினார். மோவாய் நெஞ்சில் படவே இல்லை. கழுத்து மடங்காமல் தோளும் சேர்ந்து எழும்பியது. அதைப் பார்த்ததும் சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகில் நீர் எடுக்கவேண்டும் என்றார்கள். என் மாமியார் கையெழுத்துப் போடக்கூடாது என்று ஒரே அழுகை. “முதுகுல ஊசி குத்தினா கால் விளங்காமப் போயிரும். பிள்ளைய இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்” என்றார். பயிற்சி டாக்டர் பெண் ஒருத்தி, சின்ன வயசுதான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய முதுகிலேயே விரலை வைத்துக் காட்டினாள். “பாட்டி, தண்டுவடம் இதோ இங்க மேலயே முடிஞ்சிடும். நாங்க ஊசி போடுறது அதுக்கும் கீழ, இடுப்புப் பக்கம். அங்க வெறும் நீரும் நரம்பு இழைகளும்தான். ஊசி பட்டா இழை விலகிக்கொடுக்கும்.” அந்த ஒரு விளக்கத்தில் மாமியார் அடங்கினார். நான் கையெழுத்துப் போட்டேன். நீர் தெளிவாக இருந்தது. வைரஸ் என்று முடிவாகி, பிள்ளை நல்லபடியாக வீடு வந்தான்.

இந்தப் பக்கம் வேறு யாருக்கெல்லாம் வந்திருக்கிறது? எழுதுங்கள்.

நர்ஸ்_புனலூர்ப்பாதை:

நான் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். சொந்த ஊர் செங்கோட்டை. குண்டாறு அக்கா, உங்கள் மாமியார் கேட்டதைத்தான் பாதிக் குடும்பங்கள் எங்களிடமும் கேட்கின்றன. மலையாளத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் பயம் ஒன்றுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வைரஸ் மூளைக்காய்ச்சல் அபூர்வமான நோய் இல்லை. பாக்டீரியாவால் வருவதைவிட இதுதான் அதிகம். பெரும்பாலும் எண்டெரோவைரஸ் குடும்பம்தான் காரணம். கொப்புளக் காய்ச்சலைக் கொண்டுவரும் காக்சாக்கியும் அந்தக் குடும்பம்தான். இந்த வைரஸ் தொற்றும் பிள்ளைகளில் மிகப் பலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்கு மட்டும் மூளையைச் சுற்றியுள்ள உறை வரைக்கும் போய்விடுகிறது. அவர்களிலும் பெரும்பாலானவர்கள் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே தேறிவிடுவார்கள். எண்டெரோவைரஸுக்கென்று தனி மருந்து கிடையாது. ஓய்வு, நீர்ச்சத்து, வலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து, அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் ஆஸ்பத்திரிக்கு இது ஏன் இவ்வளவு பாரம் என்றால், வந்து படுக்கும்போது எது வைரஸ், எது பாக்டீரியா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாக்டீரியா என்றால் சில மணி நேரத் தாமதமே உயிரை எடுத்துவிடும். அதனால் எல்லாருக்கும் முதலில் நரம்பு வழியாக வலுவான ஆன்டிபயாடிக் போய்விடும். தனிப் படுக்கை, மணிக்கொரு தடவை நினைவு சோதிப்பது, கல்ச்சர் (பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) முடிவுக்கு இரண்டு மூன்று நாள் காத்திருப்பது எல்லாம் அதோடு சேர்ந்து வரும். நம் மலையடிவாரத்தில் உண்ணிக் காய்ச்சலும் இப்படியே வரும் என்பதால் அக்குள், தொடையிடுக்கு எல்லாம் உண்ணி கடித்த கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுவோம். டெங்கு பார்க்கவேண்டும், காசநோய் பார்க்கவேண்டும். ஆக, தானாகத் தீரும் நோய்க்கு, தீராத நோய்க்கான அத்தனை ஏற்பாடும் நடக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்ப்பது அந்த முதுகு நீர்தான். பாக்டீரியா என்றால் பெரும்பாலும் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி வரும். சர்க்கரை குறைந்திருக்கும். வைரஸ் என்றால் நீர் தெளிவாக இருக்கும், சர்க்கரை சரியாக இருக்கும், லிம்போசைட் என்ற அணுக்கள் கூடியிருக்கும். காசநோயிலும் லிம்போசைட் கூடும், ஆனால் சர்க்கரை இறங்கிவிடும். அந்த நேரத்து ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட்டால்தான் இது தெரியும். கூடவே கையில் ரத்தம் எடுக்கிறார்களே, அது அதற்குத்தான். வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் வசதி இருந்தால் எந்த வைரஸ் என்றே சொல்லிவிடுவார்கள்.

பிரிட்டனில் 2011 முதல் 2014 வரை 42 ஆஸ்பத்திரிகளில் பெரியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மூளைக்காய்ச்சல் (மூளை உறை அழற்சி) உறுதியான 638 பேரில் 231 பேருக்கு வைரஸ், 99 பேருக்கு பாக்டீரியா. 267 பேருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியவில்லை. வந்து சேர்ந்ததிலிருந்து முதுகு நீர் எடுக்க ஆன இடைநிலை நேரம் 17 மணி, அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் மேல். நீர் எடுக்கத் தாமதமானவர்கள் கூடுதல் நாள் படுத்திருந்தார்கள். அமெரிக்காவில் 1988 முதல் 1999 வரை ஆண்டுக்குச் சராசரியாக 36,000 பேர் வைரஸ் மூளைக்காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். வசதி உள்ள நாடுகளிலேயே இந்த நிலை. நம் வார்டில் ஒரு படுக்கை ஒரு நாள் முன்னால் காலியானால், வெளியே ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது கிடைக்கும். ‘நாளைக்குப் பார்ப்போம், பெரியப்பா வரட்டும்’ என்று கையெழுத்தைத் தள்ளிப்போடும்போது எனக்கு அந்த ஸ்ட்ரெச்சர்தான் கண்ணில் படும்.

நினைவு தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ, ரத்தம் உறையும் தன்மை சரியில்லை என்றாலோ டாக்டர்களே நீர் எடுப்பதைத் தள்ளிவைத்து, முதலில் ஸ்கேனோ வேறு பரிசோதனையோ செய்வார்கள். அது வேறு. ஊசிக்குப் பிறகு சிலருக்குத் தலைவலி வரும், பெரும்பாலும் சில நாளில் போய்விடும். அதையும் மறைக்கவேண்டாம்.

மரக்கடை_புளியரை:

எனக்கே வந்தது, முப்பத்தைந்து வயசில். புளியரை எஸ் வளைவில் லாரிகள் வரிசையாக நிற்க, ஆம்புலன்சுக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். ஹாரன் ஒவ்வொன்றும் மண்டைக்குள் இறங்கியது. சிகிச்சை நன்றாகவே நடந்தது. டிஸ்சார்ஜ் ஆனபிறகுதான் கஷ்டம். கணக்கு நோட்டில் நாலு வரி கூட்டினால் தலை கனத்துவிடும். மதியத்துக்கு மேல் நிற்க முடியாது. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். அதனால் கடையில் உள்ளவர்களுக்கு நான் சோம்பேறியாகத் தெரிந்தேன். மாதக்கணக்கில் இழுத்தது. வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?

நர்ஸ்_புனலூர்ப்பாதை:

அண்ணாச்சி, நீங்கள் சொல்வது உண்மையிலேயே உண்டு. நான் சொன்ன அதே ஆய்வில் வைரஸ் வந்தவர்களையும் ஒரு வருஷம் வரை விசாரித்திருக்கிறார்கள். வாழ்க்கைத் தரம் குறைந்துதான் இருந்தது. ‘வைரஸ்தான், பயமில்லை’ என்று சொல்லி அனுப்பும் நாங்கள் இதையும் சொல்லி அனுப்பவேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஓய்வு எத்தனை நாள் என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். கடையில் காட்ட ஆகும்.

குற்றாலம்_வாத்தியார்:

2024இல் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரே குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்து ஒருவர் இறந்தாரே, அதிலிருந்து எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை தலைவலி என்றாலே பெற்றோர் நடுங்குகிறார்கள். நாங்கள் என்ன சொல்வது?

நர்ஸ்_புனலூர்ப்பாதை:

சார், அமீபா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பெரும்பாலும் தேங்கிய தண்ணீர் மூக்கு வழியாக ஏறித்தான் வரும், அதுவும் மிக அரிது. ஆனால் வந்தால் மிகக் கொடியது. குளம், ஊருணி, சரியாகக் குளோரின் போடாத நீச்சல்குளம் எதிலாவது குளித்திருந்தால் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். முதுகு நீரை ஆறுவதற்குள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அமீபா நகர்வது தெரியும், அதைத் தனியாகக் கேட்டுச் செய்யவேண்டும். எண்டெரோவைரஸ் அப்படி இல்லை, கையிலிருந்து வாய்க்குப் பரவும். மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். சானிடைசர் அதை அவ்வளவாகக் கொல்லாது, கழிப்பறை போய்வந்தால் சோப்பும் தண்ணீரும்தான். பொன்னுக்கு வீங்கியும் மூளை உறையைத் தாக்கும். அதற்கான தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் உள்ள எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியில் இல்லை. பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் எம்எம்ஆர் போடலாமா என்று குழந்தை டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சேர்க்கும் அன்று எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். ஏற்கெனவே மெடிக்கல் கடையிலோ கிளினிக்கிலோ வாங்கிக் கொடுத்த மாத்திரை அட்டை, சிரப் பாட்டில் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவாருங்கள். முன்னமே ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால் கல்ச்சரில் பாக்டீரியா வளராமல் போகலாம். அப்புறம் அது வைரஸா, பாதி அடங்கிய பாக்டீரியாவா என்று தெரியாமல் ஆன்டிபயாடிக் ஊசியை முழுக் கோர்சுக்கும் ஓட்டவேண்டிவரும். காலி அட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, பெயர் தெரிந்தால் போதும்.