ஒப்புநிகழ்த்தல், கலாநிதிப்பின் ஆய்வாளர்: இரண்டு சொற்கள்

அன்பின் அண்ணா, நண்பர்களே, வணக்கம்.

ஆய்வுப் பதவி அறிவிப்புகளைத் தமிழில் எழுத நாம் தேடும் சொற்களைப் பற்றியது இது. சிமியுலேஷனுக்கு, அதாவது நிஜத்தில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்கு, அண்ணா தந்த 'பாவனையாக்கம்' எனக்கு ஒத்துவரவில்லை. தமிழ்நாட்டில் பாவனை என்றால் சாயல், நடிப்பு. இலங்கையில் அது பயன்பாடு. கணினியைப் பயன்படுத்துபவரையே பாவனையாளர் என்கிறோம். 'மண்சரிவுப் பாவனையாக்கம்' என்று ஹட்டனிலோ பதுளையிலோ படிக்கும் பிள்ளைக்கு எழுதினால் எதுவும் விளங்காது. 'மாதிரி'யும் சரிவராது. ஆய்வுகூடத்துக்கு அள்ளிப்போகும் மண்ணும் மாதிரிதான், கணிதச் சமன்பாடுகளின் தொகுதியும் மாதிரிதான்.

அங்கே நடக்கும் வேலையைப் பார்ப்போம். மலைச்சரிவைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் மழையை உள்ளே விடுகிறோம். மண்ணின் நுண்துளைகளில் நீரழுத்தம் ஏற ஏற மண்ணின் பிடிப்பு குறைகிறது. தாங்கும் விசையை இழுக்கும் விசையால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி. அது 1இற்குக் கீழே போனால் சரிவு. ஆக, இது காலத்தோடு ஓடும் ஒன்று. அதனால் 'ஒப்புநிகழ்த்தல்' என்கிறேன். வினையாகவும் வரும்: 'மீரியபெத்தைச் சரிவை ஒப்புநிகழ்த்திப் பார்த்தோம்.' ஒருமுறை ஓட்டினால் ஒப்புநிகழ்வு, மென்பொருள் ஒப்புநிகழ்த்தி. சமன்பாடுகளின் தொகுதிக்கு, அதாவது மொடலுக்கு, மாதிரியுரு இருக்கட்டும்.

உதாரணத்துக்கு மீரியபெத்தையை யோசித்துத்தான் எடுத்தேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தையிலுள்ள அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. மண்சரிவு ஆய்வுக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆட்கள் போகவேண்டும். சொல் அவர்களுக்குப் புரியவேண்டும்.

அடுத்தது போஸ்ட்டொக். 'முனைவர் மேற்படிப்பு' என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அது படிப்பே இல்லை, முடிவில் பட்டமும் கிடையாது. கலாநிதிப் பட்டம் எடுத்தவர் குறிப்பிட்ட காலத்துக்குச் சம்பளத்தோடு செய்யும் ஆய்வு வேலை. பட்டப்பின் படிப்பு என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே புழங்குவதால் 'கலாநிதிப்பின் ஆய்வாளர்' என்பது இயல்பாகவே ஒட்டும். முனைவர் தமிழ்நாட்டு வழக்கு, பிழையில்லை; பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிதான்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்லவேண்டும். நெதர்லாந்து, சுவீடன், நோர்வே போன்ற நாடுகளில் கலாநிதி ஆய்வே பெரும்பாலும் சம்பளமுள்ள பதவி. அதைத் தமிழில் 'படிப்பு' என்று அறிவித்தால், கட்டணம் கட்ட வசதியில்லை என்று நினைக்கும் குடும்பம் அந்த வரியிலேயே விலகிவிடும். இப்படி விலகியவர்களை எனக்குத் தெரியும். அதனால் 'கலாநிதி ஆய்வுப் பதவி, சம்பளத்துடன்' என்று தலைப்பிலேயே போடுவோம். அப்ளைட் சயன்ஸுக்குப் பிரயோக விஞ்ஞானம் என்ற சொல் பழகியது, அதை மாற்றவேண்டாம்.

ஒப்புநிகழ்த்தல் நீளம் என்று யாராவது சொல்லக்கூடும். குறுகிய சொல் இருந்தால் தாருங்கள். வினையாகவும் பெயராகவும் வளைந்தால் போதும், நான் விட்டுக்கொடுக்கிறேன்.