டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இப்போது யாருமே சாவதில்லையே?

குகைவாசி:
மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை ஆறு மாதமாக ஆடுகிறோம், ஒரு பாத்திரம்கூடச் சாகவில்லை. பாத்திரத்தின் உயிர்ப் புள்ளி பூஜ்யத்துக்கு வந்தால் இருபதுமுகப் பகடையை உருட்டு, பத்தும் அதற்கு மேலும் மூன்று தடவை விழுந்தால் பிழைத்தாய், குறைவாக மூன்று தடவை விழுந்தால்தான் சாவு. அதற்குள் பக்கத்தில் இருப்பவன் மருந்தை ஊற்றிவிடுகிறான். இதே ஆட்டத்தின் 1981 தொடக்க விதிநூலான பேசிக் புத்தகத்தில் முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாலுமுகப் பகடையில் விழுகிற எண்தான் உயிர், பூஜ்யம் என்றால் ஆள் காலி. ஆட்டக்காரர்கள் செல்லம் கேட்டார்கள், கொடுத்துவிட்டார்கள்.

பகடைப்பித்தன்:
செல்லமா? பேசிக்கில் மூன்று பகடையை ஆறு தடவை உருட்டி, வலிமை, அறிவு முதலிய ஆறு குணங்களுக்கும் வந்த வரிசையிலேயே எழுதினால் ஆள் தயார். செத்தால் பத்து நிமிஷத்தில் அடுத்தவன். இன்று என் மேஜைக்கு வருகிற பெண் மூன்று பக்கத்துக்குப் பின்கதை எழுதிக்கொண்டு வருகிறாள், அதை முதல் குகையிலேயே கோப்ளின் என்கிற ஒரு குட்டிப் பூதம் கிழித்துப் போட வேண்டுமா? 1984-ல் டிராகன்லான்ஸ் என்ற தொடர்கதைச் சாகச வரிசை வந்தபோதே ஜனங்களுக்கு நீண்ட கதை பிடித்துவிட்டது. விதி ரொம்பத் தாமதமாகத்தான் பின்னால் வந்தது.

குகைவாசி:
கதை வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அப்போது கொண்டுவரும் ஒரு பொற்காசுக்கு, பாத்திரத்தை அடுத்த நிலைக்கு ஏற்றும் அனுபவப் புள்ளி ஒன்று, ஒரு கோப்ளினைக் கொன்றால் வெறும் 5. அதனால் எவனும் சண்டைக்குப் போகமாட்டான், ஒளிவான், பேரம் பேசுவான், பொய் சொல்வான், கதை அதில்தான் பிறந்தது. 1989-ல் இரண்டாம் பதிப்பு அந்தக் காசுக்கணக்கை விருப்ப விதியாக்கியது, அப்புறம் எல்லாரும் வாளைத்தான் உருவுகிறார்கள்.

தீப்பந்தம்:
காசு விஷயத்தில் குகைவாசி சொல்வது சரி. ஆனால் ரசனை ஒரே பக்கமாகவா போகிறது? 2000-ல், ஆட்ட விதிகளை மற்றவர்களும் எடுத்து வெளியிட விடும் திறந்த உரிமம் வந்த பிறகு பழைய விதிகளைத் தோண்டி எடுத்தவர்கள் எத்தனை பேர்! 2023-ல் பழைய பாணியில் வந்த ஷேடோடார்க் என்ற வேறொரு ஆட்டத்தில் தீப்பந்தம் நிஜமாகவே ஒரு மணி நேரம்தான் எரியும். போனில் அலாரம் வைத்து ஆடினோம், கடைசி ஐந்து நிமிஷம் சிப்ஸ் பாக்கெட்டைக்கூட யாரும் தொடவில்லை. அதிலும் பூஜ்யம் என்றால் உடனே சாவு இல்லை, நாலுமுகப் பகடை உருட்டிச் சில சுற்று அவகாசம் உண்டு.

குகைவாசி:
அந்த அவகாசத்தை என் மேஜையில் எடுத்துவிடுவேன்.

பகடைப்பித்தன்:
எடுங்கள். அடுத்த ஞாயிறு எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் இங்கே சொல்லுங்கள்.