மார்கழியில் கேட்ட மருந்து பங்குனியில் கேட்கவில்லை: கத்தரியில் சிலந்திப்பேன்

கேள்வி (தோவாளை, கத்தரி விவசாயி)

வணக்கம். நாற்பது சென்ட்டில் கத்தரி வைத்திருக்கிறேன். மார்கழியில் சிலந்திப்பேன் கண்டபோது பென்புரோபாத்ரின் அடித்தேன்; நன்றாகக் கட்டுப்பட்டது. பங்குனியில் அதே மருந்தை, அதே அளவில், நண்பகலுக்குச் சற்று முன் அடித்தும், பத்தாம் நாளில் இலைகளில் வெளிறிய புள்ளிகள் விழுந்து, கொழுந்துகளில் வலை கட்டிவிட்டது. வெயிலுக்கும் மருந்தின் வீரியத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில் 1 (நாகர்கோவில், பூச்சியியல் படித்தவர்)

உண்டு, ஐயா. ஆனால் எல்லா மருந்துக்கும் ஒரே திசையில் இல்லை. நீங்கள் அடித்தது பைரித்ராய்டு வகை. அது பேனின் நரம்பில் சோடியம் வாயில்களை (நரம்புச் சைகைக்காகத் திறந்து மூடும் நுண்வழிகளை) மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. குளிர்ச்சியில் அந்தப் பிடி நெடுநேரம் நிற்பதோடு, மருந்தைச் சிதைக்கும் உடலின் வேலையும் மெதுவாகிறது. ஆகவே இவ்வகை மருந்துகள் பொதுவாகக் குளிரில் கூடுதலாகவும் வெப்பத்தில் குறைவாகவும் கொல்லும். மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் பொதுவாக இதற்கு நேர்மாறு: உடலுக்குள் போய் மாற்றமடைந்த பிறகே அவை கடும் நஞ்சாகின்றன, அந்த மாற்றத்தை வெப்பம் விரைவாக்குகிறது.

இருந்தாலும் நம் மாவட்டத்தில் மார்கழிக்கும் பங்குனிக்கும் வெப்பநிலை வேறுபாடு பெரிதல்ல என்பதால், பழியை வெயில்மேல் மட்டும் போட நான் தயங்குகிறேன். சுமார் 30 டிகிரியில் சிலந்திப்பேன் முட்டையிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் முழு வளர்ச்சி அடைகிறது. 20 டிகிரியில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். முட்டைகள் தப்பியிருந்தால், பத்தாம் நாளில் நீங்கள் கண்டது புதிய தலைமுறையாக இருக்கலாம். மேலும், பைரித்ராய்டு மருந்துகள் சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பேன்களையும் சிறு கறுப்பு வண்டுகளையும் கொன்றுவிடும். தொடர்ந்து ஒரே வகையை அடித்தால் எதிர்ப்புத்திறனும் வளரும்.

பதில் 2 (ஆரல்வாய்மொழி, பிச்சி விவசாயி)

அண்ணாச்சி, அடுத்து நனையும் கந்தகம் (நீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) அடிக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். கந்தகம் ஆவியாகித்தான் பெரும்பாலும் வேலை செய்வதால் ஓரளவு வெப்பம் வேண்டும். 32 டிகிரியைத் தாண்டினால் அதுவே இலையைச் சுட்டுவிடும். சித்திரையில் ஒருமுறை காலை பதினொரு மணிக்கு அடித்து, மூன்றாம் நாள் பிச்சியின் இளந்தளிர்கள் ஓரம் கருகிச் சுருண்டு, தொட்டாலே நொறுங்கியதைக் கண்டேன். அந்த வருத்தத்துக்குப் பிறகு, வெயில் சாய்ந்து காற்று அடங்கிய மாலையில்தான் அடிக்கிறேன். எங்கள் கணவாய்க் காற்றில் பகலில் மருந்து இலையின் அடிப்பக்கத்தை எட்டுவதும் இல்லை. வேப்பெண்ணெய் அடித்த செடியில் இரண்டு வாரத்துக்குக் கந்தகம் வேண்டாம்.

பதில் 3 (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் நன்றி. இன்று லென்ஸ் வைத்து இலையின் அடியில் பார்த்தேன்: நரம்போரம் கண்ணாடி மணிபோன்ற முட்டைகள் நிறைய, இடையிடையே ஆறு கால் மட்டுமே உள்ள குஞ்சுகள். முட்டையையும் குஞ்சையும் அழிக்கும் ஹெக்ஸிதியாசாக்ஸ் பொருந்துமா?

பதில் 4 (நாகர்கோவில்)

பொருந்தும், ஆனால் அது வளர்ந்த பேன்களைக் கொல்லாது. கத்தரிக்கு உரியதா, அளவு என்ன, அறுவடைக்கு எத்தனை நாள் இடைவெளி என்பதை மருந்துப் புட்டியின் சீட்டில் பார்த்துவிட்டு, முதலில் இரண்டு வரிசையில் மட்டும் அடியுங்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அதே லென்ஸால் எண்ணி, அன்றைய வெயிலையும் குறித்து இங்கே எழுதுங்கள்; அதைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யலாம்.