புதுப்பிப்பு: அம்மாவின் இடுப்புச் சத்திரசிகிச்சையும் முதுகு ஊசியும்

கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்த அம்மாவுக்கு முதுகில் விறைப்பு ஊசி போடச் சம்மதிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இப்போது வோக்கரைப் பிடித்து விறாந்தை வரை நடக்கிறார்.

"அந்த ஊசி போட்டால் காலம் முழுக்க முதுகுவலி" என்று பலர் பயமுறுத்தியது பற்றி மயக்க மருந்து வைத்தியரிடமே கேட்டேன். குத்திய இடம் சில நாள் நோகலாம், அவ்வளவுதான் என்றார். கவனிக்க வேண்டியது பிரஷர் இறங்குவதும் பிறகு சிலருக்கு வரும் தலையிடியும். முள்ளந்தண்டு நீர் ஊசித் துளையால் கசிவதால் வருவது அது. எழுந்திருந்தால் கூடும், படுத்தால் குறையும். அதனால்தான் மிக மெல்லிய ஊசி பாவிக்கிறார்கள்.

வைத்தியர் துருவித் துருவிக் கேட்டது, அம்மா இரத்தம் உறையாமலிருக்கும் குளிசை ஏதும் போடுகிறாரா என்றுதான். அதைப் போடுபவருக்கு ஊசி குத்தும்போது முள்ளந்தண்டுக்குள் இரத்தம் கசிந்து தேங்கினால் நரம்பை நசுக்கிவிடும். குளிசை விவரம் எழுதிய கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள். அப்புறம், பால்தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான்: சத்திரசிகிச்சைக்கு முன் 6 மணித்தியாலம் கூடாது. வெறும் தண்ணீர் 2 மணித்தியாலத்துக்கு முன்வரை பரவாயில்லை, வாட்டில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால்.

விறைப்பு விட்ட இரவுதான் கஷ்டம். "நான் தாங்குவன் பிள்ளை" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். தாதி விடவில்லை. "நோவுக்குப் பயந்து மூச்சை இழுக்காமல், இருமாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும் அம்மா" என்று சொல்லி, நேரத்துக்கு நேரம் பரசிற்றமோல் கொடுத்தார். மோர்ஃபின் என்ற கடும் நோவு மருந்து போட்ட பிறகு விரலில் ஒட்சிசன் கிளிப் மாட்டி, மூச்சை எண்ணிப் பார்த்தார். மோர்ஃபின் போட்டவர் எழுப்பியும் எழும்பாமல் தூங்கினால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.